தொடாதபோதும் சொன்ன பெயர்

என் மனைவியின் இடது உள்ளங்காலில் ஒரு சிப்பித் துண்டு ஏறி நின்றதை முதலில் பார்த்தவன் நான்தான். அவள் இல்லை. உப்பளத்திலிருந்து வந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டு, அடுப்பு பற்றவைக்க உட்கார்ந்திருந்தாள். நீட்டியிருந்த பாதத்தில் இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே நகம் அளவில் ஏதோ வெள்ளையாக மின்னியது. உப்புப் பொருக்கு என்று நினைத்து விரலால் தட்டினேன். விழவில்லை. பிடுங்கினேன். ரத்தம் வந்தது.

"வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"இன்னாது வலிக்கலையா?" என்று திரும்பினாள். என் கையிலிருந்த சிப்பியையும் தரையில் சொட்டிய ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "அட, இது எப்போ ஏறுச்சு?" என்றாள். அவ்வளவுதான். மஞ்சளை வைத்து அழுத்திவிட்டு உலை வைத்தாள்.

அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை. அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் முதலில் கால் மரத்தது. பிறகு புண், பிறகு இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. அந்த அம்மாளைக் கடைசி வரைக்கும் தூக்கி உட்காரவைத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். அதனால் அந்த வழி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாம்" என்றேன். "உப்புத் தண்ணியில நிக்கிற காலு. பஞ்சு மாதிரியா இருக்கும்? மேஸ்திரி காதுல விழுந்தா நாளைக்குப் பாத்தியில எறங்க வேணாம்னுடுவான்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

இது கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதற்கு மறு வருஷம். அந்தச் சமயம் எங்கள் பக்கம் கையில் காகிதத்தோடு யார் வந்தாலும் ஏதோ கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஜனங்கள் வரிசையில் நின்றுவிடுவார்கள். அப்படித்தான் வெயில் ஏறத் தொடங்கிய மாசத்தில் ஒரு வேன் வந்து களத்து ஓரத்தில் நின்றதும் பத்துப் பதினைந்து பேர் ரேஷன் கார்டோடு ஓடினார்கள். வந்தவர்கள் எதுவும் கொடுக்க வரவில்லை. எங்கள் காலைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் முதல் நாள் மட்டும் இருந்தார். மற்ற நாளெல்லாம் வந்தது ஒரு சின்ன வயதுப் பெண். இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். குயிலாப்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஸ்கூட்டியில் வருவார். நாங்கள் எல்லோரும் மேடம் என்றோம். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்குப் பாதத்து நரம்பின் உணர்ச்சி குறைகிறதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. உப்பில் கால் வைக்காத ஜனங்களோடு ஒப்பிட வேண்டும் என்று கிளியனூர்ப் பக்கம் பயிர் வைக்கிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரில் சோதனை செய்ய இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். நான் அளத்தில் உப்பு மூட்டை தைக்கிறவன். எட்டாவது படித்திருக்கிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும். நான் கோணி ஊசியை ஓட்டுவதைச் சற்று நேரம் நின்று பார்த்த மேடம், "அண்ணா, உங்க கை ஆடவே இல்ல. எங்ககூட வர்றீங்களா?" என்றார். என் மனைவியின் காலை நினைத்துக்கொண்டு சரி என்றேன். ஆஸ்பத்திரிக்கு வராதவள் இதற்காவது வருவாள் அல்லவா?

இன்னொருவர் கூனிமேட்டுப் பெண். கணவர் சவூதியில். கொஞ்ச நாள் நர்ஸ் வேலை பழகியவர். என்னை அண்ணே என்பார், நான் தங்கச்சி என்பேன்.

சோதனை எளிதானதுதான். ஒரு குச்சியின் முனையில் துடைப்ப ஈர்க்கு மாதிரி மெல்லிய நைலான் இழை. அதைப் பாதத்தில் வைத்து, அது வளைகிற வரைக்கும் அழுத்த வேண்டும். எவ்வளவு பலசாலி அழுத்தினாலும் இழை வளைந்துவிடும் என்பதால் எல்லார் பாதத்திலும் ஒரே அழுத்தம்தான் விழும். உட்கார்ந்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு காலுக்குப் பத்து தடவை "இப்போ?" என்று கேட்க வேண்டும். அதில் ஏழு தடவைதான் உண்மையாகத் தொடுவது. மூன்று தடவை தொடாமலே கேட்பது. எந்த மூன்று என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை அச்சடித்து உறையில் ஒட்டி வைத்திருந்தார்கள். உட்காரவைத்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும்.

"தொடாமலே எதுக்கும்மா கேக்கணும்? ஜனங்களை ஏமாத்துற மாதிரி இருக்குது" என்றேன்.

"சில பேரு மரியாதைக்காகவே ஆமாம் ஆமாம்னு சொல்லிடுவாங்க அண்ணா. தொடாதப்பவும் ஆமாம்னு சொன்னா, தொட்டப்ப சொன்ன ஆமாமையும் நாம அப்படியே நம்ப முடியாது இல்லையா?" என்றார்.

எனக்கு அது பிடித்துப்போனது. அதைவிடப் பிடித்தது, யார் யாரிடம் போவது என்பதற்குச் சீட்டுப் போட்டது. களத்துக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஒன்று, இரண்டு என்று எழுதிய சீட்டுகள். ஒன்று வந்தால் என்னிடம், இரண்டு வந்தால் கூனிமேட்டுத் தங்கச்சியிடம். நாங்களும் இரண்டு மனசாக இருந்தால் சாமி முன்னால் சீட்டுப் போட்டு எடுக்கிறவர்கள்தானே. அதை மேடத்திடம் சொன்னேன். "சாமின்னு வெச்சுக்கோங்க, சான்ஸ்னு வெச்சுக்கோங்க. நம்ம இஷ்டம் அதுல கலக்கக் கூடாது. அவ்ளோதான்" என்று சிரித்தார்.

அளத்திலேயே மூத்த ஆள் ஒருவர் உண்டு. வாய் ஓயாத மனிதர். ஊரே மாமா என்று கூப்பிடும். அவருக்கு ஒன்று விழுந்தது. "ஏம்மா, என்னை அந்தப் பொண்ணுகிட்ட மாத்திவிடு. இவன் மூஞ்சியத்தான் தெனம் பாக்குறேனே" என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டு ஒக்காரப் போற. எந்த மூஞ்சியா இருந்தா உனுக்கு இன்னா மாமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சத்தம் போட, கொட்டகையே சிரித்தது.

என் மனைவியும் வந்தாள். எல்லோரும் வருவதால் வந்தாள். அவளுக்கும் ஒன்றுதான் விழுந்தது.

அந்தச் சோதனையை நான் மறக்க மாட்டேன். பலகையில் காலை நீட்டி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். புருஷன் பொண்டாட்டி காலைப் பிடிக்கிறான் என்று வெளியே யாரோ விசில் அடித்தார்கள். என் கை ஆடிவிடக் கூடாதே என்று முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டேன். "இப்போ?" "ம்." "இப்போ?" "ம்." "இப்போ?" "இல்ல." நான் தொட்ட ஏழையும் சொன்னாள். தொடாத மூன்றையும் இல்லை என்றாள். இடது கால், வலது கால், இரண்டும் பத்துக்குப் பத்து.

கொட்டகைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கிருத்திகைக்கு இருவருமாக மயிலம் போனோம். மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டேன். "நான் சொன்னேன் இல்ல? சிப்பி ஏறுனது ஏதோ வேலை ஜோர்ல தெரியல. முருகன் இருக்கும்போது நமக்கு இன்னாங்க?" என்றாள் படி இறங்கும்போது. சந்தோஷத்தில் வேகமாக இறங்கினாள். வழுவழுப்பான படியில் செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது. அது தெரியாமலே நாலு படி நடந்தாள். நான் குனிந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பத்துக்குப் பத்து என்று என் கையாலேயே எழுதியிருந்தேனே.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மேடம் மடிக்கணினியும் கையுமாக வந்தார். என்னையும் தங்கச்சியையும் கொட்டகைக்குள் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாத்தவங்க எல்லாருக்கும் காலு ரொம்ப நல்லா இருக்குது. இந்த அக்கா பாத்தவங்கள்ல நெறைய பேருக்குக் கொறைவா இருக்குது."

"அது ஆளைப் பொறுத்ததும்மா. எங்கிட்ட நல்ல காலா வந்திருக்கும்" என்றேன்.

"அங்கதான் அண்ணா சிக்கல். யாரு யாருகிட்ட போறதுன்னு சீட்டுதானே போட்டோம்? ஒண்ணு ரெண்டு பேரு அப்படி வரலாம். இத்தனை பேருல நல்ல காலு எல்லாம் உங்ககிட்டயும், மரத்த காலு எல்லாம் அக்காகிட்டயும் சீட்டு பிரிச்சுக் குடுக்குமா? அப்படின்னா வித்தியாசம் காலுல இல்ல. பாக்குற விதத்துல இருக்குது."

தங்கச்சிக்கு முகம் வாடிப்போனது. "நாந்தான் சரியாப் பண்ணலையோ?" என்றார்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனைச்சேங்க்கா. அப்புறம் அண்ணாவோட தாளைப் பாத்தேன். தொடாதப்ப ஒருத்தர்கூட ஆமாம்னு சொல்லல. ஒருத்தர்கூட. மனுஷங்ககிட்ட கேட்டு வாங்குற பதில் இவ்ளோ சுத்தமா இருக்காது அண்ணா. யாராவது தூங்கி வழிவாங்க, யாராவது அவசரப்படுவாங்க. கொஞ்சமாவது அழுக்கு இருக்கணும்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறேன் என்று சந்தேகப்படுகிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "மேடம், நான் கற்பூரம் ஏத்தி அணைச்சு சத்தியம் பண்றேன். ஒரு புள்ளி நான் பொய்யா வெச்சிருந்தா என் கை அழுகிப் போகட்டும்" என்றேன். வாசலில் மாமாவோடு நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சத்தியம் எல்லாம் வேணாம் அண்ணா. நீங்க பொய் எழுதலன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க" என்று பலகையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். உறையைப் பிரித்தேன். பத்தையும் சரியாகச் சொன்னார்.

"பாத்தீங்களா?" என்றேன்.

அவர் மூலையில் கிடந்த கம் பூட்ஸை எடுத்துவரச் சொன்னார். மழைக்காலத்தில் கரை கட்டும்போது போட்டுக்கொள்கிற, முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு காலைப் பலகைமேல் நீட்டினார். "இதுமேல பண்ணுங்க அண்ணா. வேற அட்டை எடுங்க."

"இதுமேல பண்ணா எப்படிம்மா தெரியும்?"

"தெரியக் கூடாது. பண்ணுங்க."

பூட்ஸின் அடியில் இழையை வைத்தேன். அந்தத் தடித்த ரப்பரில் ஆணி அடித்தாலும் உள்ளே தெரியாது. "இப்போ?" "ஆமாம்." "இப்போ?" "ஆமாம்." மூன்றாவதில் தொடவில்லை. "இப்போ?" "இல்ல." மீதி ஏழையும் கேட்டு முடித்து அட்டையோடு ஒப்பிட்டேன். பத்தும் சரி. கண்ணைத் திறந்தார்.

"அண்ணா, பூட்ஸ் போட்டிருக்கும்போது எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் குனிந்து பூட்ஸின் அடியைப் பார்த்தேன்.

"தொடுறதுக்கு முன்னாடி 'முருகா'ன்னு சொல்றீங்க. வாய்க்குள்ளதான் சொல்றீங்க. ஆனா கண்ணை மூடிக்கிட்டிருந்தா நல்லாக் கேக்குது. தொடாதப்ப சொல்றதில்ல."

வாசலிலிருந்து மாமா, "அடேய், முருகன்தான் இத்தனை நாளா பதில் சொல்லிக் குடுத்தாரா? எனக்கும் பத்துக்குப் பத்துன்னு பேத்திகிட்ட பீத்திக்கிட்டேனேடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை.

அவர் என் பக்கம் வந்து, "நானும்தான் அண்ணே பிஸ்மில்லாஹ் சொல்றேன். ஆனா காலையில பொட்டியைத் தொறக்கும்போது ஒரு வாட்டி. தொடுறப்ப எல்லாம் சொல்லிருந்தா எனக்கும் இதேதான் ஆயிருக்கும்" என்றார். அந்தச் சொல்லை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். மூட்டையில் முதல் குத்துக் குத்தும்போது சொல்வேன். சைக்கிளை மிதிக்கும்போது சொல்வேன். அடுத்தவர் காலில் கை படுவதென்றால் கேட்கவே வேண்டாம். தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு. என்னைவிடப் பெரியவர்களின் பாதத்தில் கை வைக்கப்போகிறோம் என்றால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. கை போகாத இடத்தில் வாயும் சும்மா இருந்துவிடுகிறது. நான் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

"அப்போ இவங்க எல்லாரும் காதுல கேட்டுட்டு, தெரியுதுன்னு பொய் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணா. பல பேரு உண்மையாவே தொட்ட மாதிரிதான் உணர்ந்திருப்பாங்க. மூளை காலை மட்டும் நம்பி இருக்காது. காதுல ஒண்ணு கேட்டு, அதோட சேர்ந்தே தொடுதல் வரும்னு ரெண்டு தடவை பழகிட்டா, அப்புறம் அது தானாவே நெரப்பிக்கும். அதனாலதான் இவ்ளோ அட்டை, உறை, சீட்டு எல்லாம். அவங்களையும் நம்பாம இல்ல, உங்களையும் நம்பாம இல்ல. என்னையும் சேர்த்து யாருக்கும் தெரியாம நடக்குறது ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான்."

நான் பார்த்த எல்லோரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று முடிவானது. மறுபடி சீட்டு. பாதிப் பேர் என்னிடமே வருவார்கள் என்றார் மேடம். நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். இந்த வாயை என்ன செய்வது? வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டால் "இப்போ?" என்று எப்படிக் கேட்பது?

"நிறுத்த வேணாம் அண்ணா. பத்து தடவையும் சொல்லுங்க. தொடாதப்பவும் சேர்த்துச் சொல்லுங்க. எப்பவும் கேட்டா அதுல ஒரு சேதியும் இருக்காது."

அறிவான வழிதான். ஆனால் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒன்றும் செய்யாமல் கையைச் சும்மா வைத்துக்கொண்டு, தொடுகிறேன் என்று நம்பவைக்க முருகன் பெயரைச் சொல்வதா? இரண்டு நாள் விளக்கேற்றும்போதெல்லாம் அதுவே மனசில் ஓடியது.

அதைவிடப் பெரிய முள் வேறு. என் மனைவியின் பத்துக்குப் பத்து.

"மறுபடியும் பாக்கணும், சீட்டு எடுக்க வா" என்று சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தடவை பாத்தாச்சு. மொட்டை போட்டாச்சு. சாமி நல்லாருக்குன்னு சொன்னப்புறம் திரும்பப் போய்க் கேக்குறது நம்பிக்கை இல்லாத வேலை."

"சாமி ஒண்ணும் சொல்லலம்மா. நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் நான் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். சிப்பி ஏறியதையும் முதல்முறையாகச் சொன்னேன். அவர் திடுக்கிட்டுப்போனார். "சொந்தக்காரங்களை நீங்க பாக்கவே கூடாதுன்னு நான் மொதல்லயே எழுதி வெச்சிருக்கணும். என் தப்பு அண்ணா" என்றார். ஒரு இழையும் மீந்துபோன ஒரு அட்டையும் கொடுத்து, "இது எங்க கணக்குல சேராது. உங்க வீட்டுக்கு. வரமாட்டேன்னு சொல்றவங்களுக்கு இதுதான் வழி. ஆனா அதுக்கப்புறம் அக்காகிட்ட கண்டிப்பா வரணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்து, விபூதி இட்டு, படத்துக்குப் பூ வைத்தேன். அவளும் தலைக்குக் குளித்திருந்தாள். "நம்ம வீட்டுக்குள்ளதானே, ஒரே ஒரு வாட்டி" என்று கெஞ்சினேன். சரி என்று முனகிக்கொண்டு காலை நீட்டினாள். இடது கால். சிப்பி ஏறிய இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு.

கண்ணை மூடினாள்.

"முருகா. இப்போ?" தொட்டேன். "ம்."

"முருகா. இப்போ?" தொட்டேன். "ம்."

"முருகா. இப்போ?"

"ம், தொடுது."

என் கை என் மடியில் இருந்தது.

பத்து முடிகிற வரைக்கும் அப்படித்தான். பத்துக்கும் ஆமாம் என்றாள். நான் தொடாத மூன்றுக்கும். பெயர் கேட்ட இடத்தில் எல்லாம் அவளுக்குத் தொடுதல் வந்துவிட்டது. இதில் அவள் காலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றால் இன்னொன்று பாக்கி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பெயரும் சொல்லவில்லை, இப்போ என்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் அடியில் இழையை வைத்து வளைகிற வரைக்கும் அழுத்தினேன். நடுவிரல் அடியில். சுண்டுவிரல் அடியில். தழும்பின் பக்கத்தில்.

அவள் கண்ணை மூடியபடியே, "ஏங்க, இன்னா சும்மா ஒக்காந்துட்டீங்க? ஆரம்பிங்க" என்றாள்.

நான் இழையைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள், அவள் காலைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அவள் அழவில்லை. காலை இழுத்துப் புடவைக்குள் மூடிக்கொண்டு, "அம்மாவுக்கு வந்த மாதிரியா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது. தெரிஞ்சுக்கலாம்" என்றேன்.

அந்த வாரமே தங்கச்சியிடம் முறைப்படி உட்கார்ந்தாள். இடது காலில் பாதிக்கு மேல் தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. நல்ல வேளை, புண் எதுவும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். வெறுங்காலோடு இறங்கக் கூடாது, தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மேஸ்திரியிடம் நானே போய்ப் பேசினேன். உப்பு வாரும் வேலையை விட்டுவிட்டு என்னோடு மூட்டை தைக்க உட்கார்ந்தாள். முதல் வாரம் அவள் தைத்த எல்லா மூட்டையும் கோணலாக வந்தது. "என்னுதையும் முருகான்னு சொல்லிக் குத்துங்களேன், உங்குளுது மட்டும் நேரா போவுதே" என்று என்னைக் கிண்டல் பண்ணினாள். அப்படிக் கிண்டல் பண்ணுகிறாளே என்று எனக்கு மூச்சு வந்தது.

நான் பத்துக்குப் பத்து போட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தேன். "மாமா, என் தப்பு. இன்னொரு தடவை வரணும்" என்றேன். "முருகன் பாஸ் போட்டான், நீ ஃபெயில் போட வந்தியா?" என்றார். ஆனாலும் வந்தார். அவருக்குச் சீட்டில் மறுபடியும் நான்தான். பத்து தடவையும் சொன்னேன். முதல் தொடாத தடவையில் நாக்கு சற்றுத் தடுமாறியது. பிறகு சொல்லிவிட்டேன். என் மனைவியின் காலை நினைத்துக்கொண்டேன். நான் தொட்டால் மட்டும்தான் முருகன் அங்கே இருப்பான் என்று யார் எனக்குச் சொன்னது? தொடாத இடத்திலும் இருக்கிறவன்தானே. நான்தான் அவன் பெயரை என் கை போன இடத்துக்கு மட்டும் என்று வைத்திருந்தேன். இது சாஸ்திரப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து உறுத்தல் இல்லை.

என் புதுத் தாள்களில் அழுக்கு வந்தது. தொடாதபோது ஆமாம் என்றவர்கள், தொட்டபோது இல்லை என்றவர்கள், நடுவில் தூங்கிவிட்ட ஒருவர். மேடம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அண்ணா மனுஷங்க மாதிரி இருக்குது" என்றார்.

ஒரு நாள் நானாகவே ஒன்று சொன்னேன். "களத்துக்கு வர்றவங்களை மட்டும்தானே பாக்குறோம். காலு சுத்தமா போனவங்க வீட்டுல படுத்துட்டாங்களே. அவங்க இதுல வரவே இல்லையேம்மா." என் மாமியாரை நினைத்துத்தான் சொன்னேன். மேடம் பேனாவை எடுத்து உடனே எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் நாங்கள் வீடு வீடாகப் போனோம்.

மேடம் மூட்டை கட்டிக் கிளம்பும்போது என் பழைய தாள்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கிழித்துப் போட்டிருப்பார் என்று எண்ணியிருந்தேன். தனிக் கட்டாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். "தப்பாப் போனதையும் எழுதணும் அண்ணா. மறைச்சா மத்தவங்களும் இதே குழியில விழுவாங்க" என்றார்.

"அப்போ என் பேரு வருமா?"

"வராது. 'சோதனை செய்தவர் ஒருவர், தொடுவதற்கு முன் தன்னை அறியாமல் ஒலி எழுப்பினார்' அப்படின்னு வரும்."

"ஒலியா?" என்றேன். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் அளத்துக்குக் கிளம்புமுன் என் மனைவியின் காலை மடியில் வாங்கிப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. சூரிய வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்காரவைப்பேன். வெடிப்பு, கொப்புளம், ஒட்டிய கல், சிப்பி, எல்லாம் பார்ப்பேன். முதலில் "முருகா" என்பேன்.

"ம், தொடுது" என்பாள் அவள், நான் இன்னும் தொடாதபோதே. கிண்டல்தான்.

நான் பார்த்து முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கொடுப்பேன்.